காசில்தா போட்ட பத்து

அட்டையில் வெட்டிய பூட்ஸ் மறுபடியும் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது காசில்தா பேனாவை மூடிக் கீழே வைத்தாள். அன்று காலையில் மட்டும் அது மூன்றாவது பூட்ஸ். முதலில் வந்தது சிவப்பு, அடுத்தது நீலம். இந்த மஞ்சள் பூட்ஸுக்கு நிஜக் கயிறே கோத்துக் குஞ்சலம் வேறு கட்டியிருந்தார்கள். தேர்வுக்கு வந்த பெண் அதைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, யாருமே இல்லாத பெஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு சொல்லப் போறீங்க? ஆ, லூக்காஸ்! சொல்லு கண்ணு. பியென்சோ, பியென்சாஸ், பியென்சா... சூப்பர் லூக்காஸ், எல்லாரும் லூக்காஸுக்குக் கை தட்டுங்க."

லூக்காஸ் என்று அங்கே ஒருவனும் இல்லை. அவள் தானே கை தட்டிக்கொண்டாள். எதிரே நீள மேசைக்குப் பின்னால் காசில்தா உட்பட தேர்வுக் குழுவினர் ஐந்து பேர் ஜூலை மாத வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். போன இரண்டு பெண்களின் வகுப்பிலும் லூக்காஸ் இருந்தான். இரண்டிலும் முதலில் கை தூக்கியவன் அவன்தான். காசுக்குப் பாடம் விற்கிற ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் பிறந்து, தேர்வு தேர்வாகச் சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளை.

ஸ்பெயினில் சமோரா நகரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்து இப்போது மாதிரி வகுப்பு. முதல் நாள் துணிப்பைக்குள் கைவிட்டு எடுத்த பந்தில் எந்தப் பாடம் வந்ததோ, அதைத்தான் இந்தக் குழுவின் முன்னால் எல்லாரும் நடத்தியாக வேண்டும். வந்தது வேர் மாறும் வினைச்சொல். ஸ்பானிய மொழியில் அப்படிச் சில வினைகள் உண்டு. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்று வருகிறபோது வேரில் இருக்கும் உயிரொலி உடைந்து இரண்டாகும். நாங்கள், நீங்கள் என்று வருகிறபோது உடையாமல் அப்படியே நிற்கும். யோசிப்பதற்குப் பென்சார் என்பார்கள். நான் யோசிக்கிறேன் என்றால் பியென்சோ, நாங்கள் யோசிக்கிறோம் என்றால் பென்சாமோஸ். ஆறையும் இரண்டு வரிசையாக எழுதி, உடைகிற நான்கையும் சுற்றிக் கோடு இழுத்தால் பூட்ஸ் மாதிரி ஓர் உருவம் வரும். அந்தக் கோட்டைத்தான் அட்டையாக வெட்டி, மினுமினுப்புத் தூவி, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பூட்ஸ் இந்த மொழி தெரியாத வெளியூர்க்காரர்கள் மனப்பாடம் செய்வதற்காக யாரோ கண்டுபிடித்தது. தாய்ப்பாலோடு இதைப் பேசிப் பத்து வயதான பிள்ளைக்கு அது எதற்கு? பியென்சோ என்று அவனுக்கே வரும். ஏன் அப்படி வருகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. காசில்தா இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள். இந்த ஒரு வாரத்தில் அவளுக்குத் தன் தொழிலே குமட்டியது.

மஞ்சள் பூட்ஸ் பெட்டிக்குள் போனதும், குழுத் தலைவர் இஹினியோ தன் மடக்குக் கத்தியை எடுத்தார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மற்ற நான்கு பேரும் குலுக்கலில் பெயர் விழுந்து, கோடை விடுமுறை பறிபோன வயிற்றெரிச்சலோடு வந்தவர்கள். இஹினியோ தானாகக் கேட்டு வாங்கி வந்தவர். பெரிய பள்ளியொன்றின் தலைமை ஆசிரியர், இதற்கு முன் பல குழுக்களில் தலைவராக இருந்து பழம் தின்று கொட்டை போட்டவர். தினமும் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு மேசை மேலேயே ஒரு செய்தித்தாளை விரித்து, வீட்டில் போட்ட சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சியை அந்தக் கத்தியால் வட்டம் வட்டமாக அரிவார். பன்றிக் கொழுப்பும் மிளகாய்ச் சிவப்பும் காகிதத்தில் ஊறும். அரிந்து முடித்ததும் கத்தியைத் தன் கைக்குட்டையில் துடைப்பார். அதே கைக்குட்டையில் சற்று முன்னால் மூக்கைச் சிந்தியிருப்பார். பிறகு அதே கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்தி நீட்டுவார்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் விரதமா? வீட்ல போட்டது. கடையில இதுமாதிரி கிடைக்காது."

"பசியில்லைங்க."

"பசிக்கா சாப்பிடறோம்? ஒரு ஒத்துமைக்குத்தான். ஃபிதேல், நீ வாய்யா, உனக்கு இந்த ஆசாரமெல்லாம் கிடையாது."

ஃபிதேல் பாவம், யார் எதை நீட்டினாலும் வாயைத் திறக்கிற மனிதன். லெயோகாதியா ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருக்கும் அம்மாள். ஊருக்குப் போகும் மதியப் பேருந்து தப்பிவிடுமோ என்று காலை ஒன்பது மணியிலிருந்தே கவலைப்படத் தொடங்கிவிடுவாள். செயலாளர் பெகோன்யா எல்லாரிலும் இளையவள். தலைவர் தும்மினால்கூட அதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிற ஜாதி.

"அடுத்தது யாரு?" என்றார் இஹினியோ, பல்லிடுக்கில் நகத்தை விட்டபடி.

பெகோன்யா படித்தாள். "ரொடிகா முரெஷான்."

"என்ன பேரும்மா அது? மாத்திரை பேரு மாதிரி இருக்கு."

"ருமேனியாக்காரப் பொண்ணு. எனக்குத் தெரியும் அவள" என்றாள் லெயோகாதியா. "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் பதிலி டீச்சரா வந்திருந்தா. தங்கமான பொண்ணு. ஒவ்வொரு செப்டம்பருக்கும் ஒவ்வொரு ஊருக்குத் தூக்கிப் போடறாங்க, பையனும் கூடவே ஊர் ஊரா பள்ளிக்கூடம் மாறுறான். போன வாரம் கடையில பார்த்தேன். இந்தத் தடவையும் வேலை வரலைன்னா பாடம் நடத்துறதையே விட்டுடறேன் டீச்சர்னா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்காளாம்."

"கேன்டீனும் நல்ல வேலைதான்" என்றார் இஹினியோ. செய்தித்தாளைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டார்.

ரொடிகா முரெஷான் பெட்டி இல்லாமல் வந்தாள். காசில்தா முதலில் கவனித்தது அதைத்தான். அட்டை இல்லை, மினுமினுப்பு இல்லை, பொம்மை இல்லை. சாம்பல் நிறப் பாவாடை, கையில் ஒரு சாக்பீஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வணக்கம் சொல்லிவிட்டுப் பெஞ்சுகள் பக்கம் திரும்பாமல், நேராக மேசையைப் பார்த்து நின்றாள்.

"இங்க பிள்ளைங்க யாரும் இல்ல" என்றாள். "இல்லாத பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த எனக்கு வராதுங்க. நீங்க அஞ்சு பேரும் இருக்கீங்க. உங்களையே பிள்ளைங்களா வச்சுக்கலாமா?"

பெகோன்யா தலைவரைப் பார்த்தாள். தலைவர் தாராளமாகக் கையை விரித்தார்.

ரொடிகா கரும்பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினாள். ஃபிரெகார். பாத்திரம், தரை, படிக்கட்டு எதையும் தேய்த்துக் கழுவுவதற்கு அங்கே அதுதான் சொல்.

"நேத்து ராத்திரி உங்க வீட்ல பாத்திரம் கழுவினது யாரு?"

"மெஷின்" என்றான் ஃபிதேல். அவனே சிரித்தான்.

"நான்தான். வேற யாரு வருவா?" என்றாள் லெயோகாதியா.

"அப்ப நீங்க சொல்லுங்க டீச்சர். நான் கழுவுறேன்."

"ஃபிரியேகோ."

"இன்னொரு தடவை. இப்ப குரல் எங்க அழுத்தி விழுதோ, அங்க மேசையில ஒரு தட்டு தட்டுங்க."

லெயோகாதியா தட்டினாள். தட்டு 'யே' மேல் விழுந்தது. ரொடிகா அந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். நீ கழுவுகிறாய், அவன் கழுவுகிறான், அவர்கள் கழுவுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் தட்டினார்கள். எல்லாத் தட்டும் அதே இடத்தில் விழுந்தது.

"சரி, இப்ப எல்லாரும் சேர்ந்து. நாங்க கழுவுறோம்."

"ஃபிரெகாமோஸ்."

"தட்டு எங்க போச்சு?"

ஃபிதேல் விரலைத் தூக்கிக்கொண்டு யோசித்தான். "அட, தள்ளிப் போயிடுச்சே. 'கா' மேல விழுது."

"தள்ளிப் போயிடுச்சு. அப்ப முன்னால இருக்கிற உயிரு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உடையல."

"அவ்வளவுதாங்க. அடி விழுற இடந்தான் உடையுது. அடி வேற இடத்துல விழுந்தா அது பாட்டுக்கு முழுசா இருக்கு. இதை மனப்பாடம் பண்ணத் தேவையே இல்ல. உங்க காதுக்கு எப்பவோ தெரியும். காதுக்குத் தெரிஞ்சதைக் கண்ணுக்குக் காட்டறதுதான் என் வேலை." பிறகு பென்சாரை எடுத்தாள், தூங்குவதை எடுத்தாள், விளையாடுவதை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அவர்களைத் தட்ட வைத்து, உடைவதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தாள். கடைசியில், புதிதாக ஒரு வினையை அவர்களே இட்டுக்கட்டிச் சொல்லச் சொன்னாள். இல்லாத வினைக்குக்கூடத் தட்டு சரியான இடத்திலேயே விழுந்தது. பெகோன்யா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவால் தட்டினாள். இஹினியோ கத்திப் பிடியால் தட்டினார்.

வாரம் முழுக்கத் தொண்டையில் நின்ற கசப்பு காசில்தாவுக்கு அந்த அரைமணி நேரம் இறங்கியிருந்தது. இவளிடம் தன் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. யார் வீட்டுப் பிள்ளையையும் ஒப்படைக்கலாம். சந்தோஷத்தில் அவள் அசையக்கூட இல்லை.

"மிக நன்று, மிக நன்று" என்றார் இஹினியோ. "சும்மா ஒரு ஆர்வத்துல கேக்கிறேன், எந்த ஊர்லம்மா பிறந்தீங்க?"

"ருமேனியாவுலங்க. ஒன்பது வயசுல இங்க வந்துட்டோம். வளந்ததெல்லாம் இங்கதான், சயாகோ பக்கம் கிராமத்துல."

"தெரியவே இல்லையே. கொஞ்சம்கூடத் தெரியல. எங்க வீட்டுப் பொண்ணு பேசற மாதிரியே இருக்கு."

அவர் எழுந்து வாசல்வரை கூடவே போய்க் கதவைத் திறந்துவிட்டார். கதவை மூடிவிட்டுத் திரும்பியபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"தெரியுது, இல்ல?" என்றார்.

"என்ன தெரியுது?" என்றாள் காசில்தா.

"அந்த ரகரம். எங்கேயோ ஒரு இழுப்பு. நுட்பமான காது இருந்தாத்தான் பிடிபடும்."

"எனக்குப் பிடிபடல."

"பரவாயில்ல டீச்சர், எல்லாருக்கும் பிடிபடணும்னு இல்ல." நாற்காலியில் சாய்ந்து தொப்பை மேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "பாருங்க, மொழியில எத்தனை வினை இருக்கு. யோசிக்கிறது இருக்கு, விரும்புறது இருக்கு. எல்லாப் பொண்ணுங்களும் யோசிக்கிறதோட வந்தாங்க. இந்தம்மாவுக்கு வாயில முதல்ல வந்தது தேய்ச்சுக் கழுவுறது. ரத்தம் பேசுது, என்ன பண்றது? எங்க வீட்டுப் படிக்கட்டு கழுவுறவளும் அந்த ஊருதான். நல்ல பொம்பளை. கையும் சுத்தம், எதையும் எடுக்கமாட்டா."

ஃபிதேல் சிரிக்கத் தொடங்கி, காசில்தாவைப் பார்த்ததும் இருமலாக்கிக்கொண்டான்.

"இந்த ரூமுக்குள்ள இந்த வாரம் நடந்த ஒரே பாடம் அதுதான். அதைப் பத்திப் பேசுங்க" என்றாள் காசில்தா. "மத்ததெல்லாம் காசு குடுத்து வாங்கின குப்பை. அதைப் பார்த்து ஆறும் ஏழும் போட்டோம், எனக்கு வாயைக் கழுவணும் போல இருந்துச்சு. இப்ப நீங்க பேசறதைக் கேட்டா காதையும் கழுவணும் போல இருக்கு."

"கோவப்படாதீங்க. நான் என்ன தப்பாச் சொன்னேன்? நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம பாஷைய யாரு சொல்லிக்குடுக்கறதுன்னு ஒரு கேள்வி. அதுகூடக் கேக்கக் கூடாதா? சரி, நான் எதுவும் சொல்லல. அவங்கவங்க மனசாட்சிப்படி மார்க்கு போடுங்க."

"இப்பவே பன்னிரண்டே முக்கால்" என்றாள் லெயோகாதியா மெல்லிய குரலில்.

பெகோன்யா சீட்டுகளைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒப்பிப்பது போல இப்போதும் ஒப்பித்தாள். "பத்துக்கு எத்தனைன்னு போடுங்க. தேர்ச்சிக்கு அஞ்சு. உறுப்பினருங்க போடற மார்க்குல மூணோ அதுக்கு மேலயோ வித்தியாசம் வந்தா, அதிகபட்சம் ஒண்ணும் குறைஞ்சபட்சம் ஒண்ணும் கழிச்சிட்டு மிச்சத்துக்குச் சராசரி." ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அது காற்றோடு போயிற்று. எல்லாருக்கும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவிலேயே போட்டுக்கொண்டிருந்ததால், அந்த வாரம் முழுக்க அந்த விதிக்கு வேலையே வரவில்லை.

காசில்தா சீட்டை எடுத்துப் பத்து என்று எழுதினாள். பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். அந்த ஆளின் கொழுப்புக் கைக்கு, அந்தச் சிரிப்புக்கு, இந்த வாரத்துப் பூட்ஸ் அத்தனைக்கும், வராத லூக்காஸுக்கும் சேர்த்துத்தான் எழுதினாள். எழுதியதும் பல் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது. மடித்துப் போட்டுவிட்டு இஹினியோவின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவரும் பார்த்தார், அன்பாகவே பார்த்தார்.

பெகோன்யா சீட்டுகளைப் பிரித்துக் கணினியில் ஏற்றினாள். "நாலு. நாலரை. அஞ்சு. அஞ்சு. பத்து." கடைசி எண்ணைத் தட்டியதும் திரையில் இரண்டு எண்கள் மங்கிச் சாம்பல் நிறமாயின. நாலும் பத்தும்.

"சராசரி... நாலு புள்ளி எட்டு மூணு" என்றாள் பெகோன்யா. தலையை நிமிர்த்தவே இல்லை. "தேர்ச்சி இல்லை."

காசில்தா எட்டித் திரையைப் பார்த்தாள்.

"என் பத்து எங்க?"

"கழிஞ்சிடுச்சு டீச்சர்" என்றார் இஹினியோ. "என் நாலும்தான் கழிஞ்சிடுச்சு. விதி யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது பாருங்க."

"அஞ்சு போட்டது யாரு?"

ஃபிதேல் கையைத் தூக்கினான். லெயோகாதியாவும் தூக்கினாள். "அஞ்சு பாஸ்தானே?" என்றான் ஃபிதேல். "தலைவர் மனசுல வேற இருக்குன்னு தெரிஞ்சுது. எதுக்கு வம்புன்னு பாஸ் மட்டும் போட்டேன். நீங்க எப்படியும் நிறையப் போடுவீங்க, சரிக்கட்டிடும்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்" என்றாள் லெயோகாதியா. மூக்கை உறிஞ்சினாள். "நீதான் இருக்கியேன்னு."

"தங்கமான பொண்ணுன்னு சொன்ன வாய்தானே?"

லெயோகாதியா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். நாலரை யாருடையது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெகோன்யாவின் காது மடல் சிவந்திருந்தது.

"என் மார்க்கை மாத்தறேன்."

"வாசிச்ச மார்க்கை மாத்த முடியாதே. நீங்களே ஒத்துக்குவீங்களா அதை? நாளைக்கு நான் ஒண்ணை மாத்தறேன்னு சொன்னா விடுவீங்களா?" இஹினியோ பொறுமையாகப் பேசினார், மக்குப் பையனுக்கு விளக்குகிற மாதிரி. "நான் என்ன பூஜ்யமா போட்டேன்? நாலுங்கறது மரியாதையான மார்க்கு. யாரும் கேள்வி கேக்க முடியாது. நீங்க ஒரு ஆறரை போட்டிருந்தா போதும். வித்தியாசம் ரெண்டரைதான், எதையும் கழிக்க வேண்டாம். கூட்டி அஞ்சால வகுத்தா சரியா அஞ்சு வரும், பொண்ணு பாஸ். பத்துப் போடுங்கன்னு உங்களை யாரு கேட்டது?"

அவர் அந்தக் கணக்கை மனதிலேயே போட்டார். பென்சில்கூடத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் காசில்தாவுக்கு உறைத்தது. இந்த ஆள் இந்த வாரம் வேறெந்தப் பெண்ணைப் பற்றியும் மார்க்கு போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேசினார். அதுவும் பேசியதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்காகவே. படிக்கட்டு கழுவுகிறவளையும் ரகரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, அடுப்பை ஊதுகிற மாதிரி ஊதினார். அவள் பத்துக்குக் கொதிக்கும்வரை ஊதிவிட்டு, மனசாட்சிப்படி போடுங்கள் என்றார். பல குழுக்களில் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா, ஒருத்தரின் அருவருப்பை வைத்தே அவர் போடுகிற மார்க்கைக் கழித்துவிடலாம் என்று?

அவர் மேல் வந்த குமட்டல் அவளுக்குப் புதிதில்லை. இது வேறு. அது அவள் தொண்டைக்குள்ளேயே திரும்பி, அவளைப் பார்த்தே வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு கையில் இருக்கும்போது தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு எண் எழுதியிருக்கிறாள். அழகான எண். ஆறரை போட அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். இவ்வளவு நல்ல பாடத்துக்கு ஆறரையா என்று.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

"வேண்டாம். நாலு பேரு போட்டா போதும். இல்ல, மறுப்புன்னு எழுதிப் போடறதானாலும் போடுங்க, உங்க உரிமை. பெகோன்யா, டீச்சருக்கு ஒரு தாள் குடும்மா."

பெகோன்யா தாளை நகர்த்தினாள். "காரணம்னு என்ன போடட்டும் டீச்சர்?"

காசில்தா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். விதி சரி. கூட்டல் சரி. வகுத்தல் சரி. யார் போட்ட மார்க்கிலாவது முறை தவறியிருக்கிறது என்று யாராவது தாளைப் புரட்டினால், அவர்கள் கண்ணில் முதலில் உறுத்துவது அவள் போட்ட பத்தாகத்தான் இருக்கும். லெயோகாதியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். காசில்தா மறுப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணிக்குப் பெகோன்யா பட்டியலை வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். பூட்ஸ் பெண்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தி அலைபேசியில் யாரிடமோ அழுதுகொண்டே சிரித்தாள். காசில்தா வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாள். வெளியே போக அந்த ஒரு வாசல்தான். சத்தம் ஓய்ந்ததும் எழுந்து போனாள்.

ரொடிகா இன்னும் அங்கேதான் இருந்தாள். பட்டியலுக்கு முதுகைக் காட்டிப் படிக்கட்டில் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. விரல்களில் சாக்பீஸ் தூள் இன்னும் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளும்மா."

"மார்க்கு ஏன் கம்மியாச்சுன்னு கேக்க மாட்டேன். நீங்க சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்." ஒரு படி மேலே ஏறினாள். "பாடம் நடக்கும்போது எல்லாரும் மேசையத் தட்டினாங்க. அந்தச் செயலாளர் பொண்ணுகூடத் தட்டிச்சு. நீங்க மட்டும் தட்டல. கையைக் கட்டிக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தலைவரு இப்பத்தான் போனாரு. பாவம், அவரா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னாரு. எனக்கு ரொம்ப வருத்தம்மா, ஒருத்தர் போட்ட மார்க்காலதான் இப்படி ஆச்சுன்னாரு. பேரு சொல்லல. பெரிய மனுஷன், எப்படிச் சொல்லுவாரு?"

காசில்தா கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

"உங்க மேல கோவம் இல்ல. தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறும், அவ்வளவுதான். அடுத்த வாரம் கேன்டீன்ல சேர்ந்துடுவேன். இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்ல." ரொடிகா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மார்க்கு போட்டது நீங்கதானே டீச்சர்?"

உனக்குப் பத்து போட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், பத்து போட்டும் நான் ஏன் தோற்றேன் என்று. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, தன் கோபத்தையும் நல்ல மனசையும் இந்தப் பெண்ணின் கையில் கொடுத்து ஆறுதல் வாங்கிக்கொள்வதா? அந்த ஆள் செய்ததைவிட அது கேவலமாக இருக்கும் என்று காசில்தாவுக்குப் பட்டது.

"ஆமா" என்றாள். "நான்தான்."

ரொடிகா தலையசைத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. சாக்பீஸ் தூளைப் பாவாடையில் தட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் பேருந்து நிலையம் பக்கம் நடந்து போனாள்.